கம்ப்யூட்டர் கேம் கன்சோலுக்கு வரும்போது என்ன ஆகிறது? 'டேயஸ் எக்ஸ்' கதையை வைத்து ஒரு விளக்கம்

2000-ம் ஆண்டு ஜூன் மாதம் 'டேயஸ் எக்ஸ்' என்ற கேம் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு வெளிவந்தது. அதே கேம் 'டேயஸ் எக்ஸ்: தி கான்ஸ்பிரசி' என்ற பெயரில் பிளேஸ்டேஷன் 2 என்ற கன்சோலுக்கு, அதாவது டிவியில் செருகி ஆடும் கேம் பெட்டிக்கு, வந்தபோது 2002 மார்ச் ஆகிவிட்டது. அதே கதை, அதே ஹீரோ, அதே வில்லன்கள். ஏற்கெனவே செய்து முடித்த ஒரு கேமை இன்னொரு பெட்டியில் ஓட வைக்க எதற்கு இத்தனை காலம்? டிஸ்க்கில் ஏற்றி விற்றுவிட வேண்டியதுதானே?

புதிதாக கேம் உலகத்துக்குள் வருகிற பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும். ஒரு கருவிக்காகச் செய்த கேமை இன்னொரு கருவிக்குக் கொண்டுபோவதை 'போர்ட்' செய்வது என்கிறார்கள். கேட்டால் பெட்டி மாற்றுகிற வேலை மாதிரி இருக்கும். உண்மையில் கேமைப் பாதி பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டுகிற வேலை அது. டேயஸ் எக்ஸை உதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு காரணம் உண்டு. வெறும் சுடுகிற கேமாக இருந்தால் போர்ட் செய்வது ஓரளவு சுலபம். இது அப்படிப்பட்டதல்ல.

முதலில் கேமைப் பற்றிச் சுருக்கமாக. வாரன் ஸ்பெக்டர் தலைமையில், அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் இருந்த அயன் ஸ்டார்ம் ஸ்டுடியோ செய்தது. கதை நடப்பது 2052-ல். கொள்ளைநோய் பரவிக்கொண்டிருக்கிறது, தடுப்பு மருந்து வசதியுள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்கிறது, திரைமறைவுக் கூட்டங்கள் அரசாங்கங்களை ஆட்டிவைக்கின்றன. உடம்புக்குள் நானோ கருவிகள் பொருத்தப்பட்ட ஜேசி டென்டன் என்ற ஏஜென்ட்தான் நாம். தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது, சாதாரண மனிதரின் வாழ்க்கை மட்டும் சாக்கடை ஓரத்திலேயே கிடக்கிறது என்கிற இந்த வகைக் கதைக்குத்தான் 'சைபர்பங்க்' என்று பெயர்.

கேமின் வகைதான் முக்கியம். ஹீரோவின் கண் வழியாக உலகத்தைப் பார்த்துச் சுடுவதால் இது ஷூட்டர். ஹீரோவின் திறமைகளை நாமே புள்ளிகள் செலவழித்து வளர்ப்பதால் ரோல்-பிளேயிங். முதல் கட்டம் நியூயார்க்கின் லிபர்ட்டி தீவு. சுதந்திர தேவி சிலையின் தலை குண்டுவெடிப்பில் போயிருக்கும். சிலைக்குள் ஒளிந்திருக்கும் எதிரித் தலைவனைப் பிடிக்க வேண்டும். முன்வாசலில் சண்டை போட்டு நுழையலாம். பின்பக்கம் அடுக்கியிருக்கும் பெட்டிகள்மேல் தொற்றி ஏறலாம். வடக்குப் படகுத்துறையில் உளவு சொல்பவர் ஒருவர் இருப்பார், அவரிடம் பேசிச் சாவி வாங்கலாம். கேம் எதையும் கட்டாயப்படுத்தாது. 'உன் வழியை நீயே தேர்ந்தெடு' என்பதுதான் அது ஆடுபவருக்குத் தருகிற வாக்கு. கன்சோலுக்குக் கொண்டுபோகும்போது எங்கே கத்தரி வைத்தாலும் அது இந்த வாக்கின்மேல் படுகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பரணும் சமையல் மேடையும்

டேயஸ் எக்ஸ் ஓடக் கம்ப்யூட்டரில் குறைந்தது 300 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2 பிராசஸரும் 64 எம்பி ரேமும் வேண்டும். பிளேஸ்டேஷன் 2-ன் பிராசஸர் சுமார் 295 மெகாஹெர்ட்ஸ். எண்ணைப் பார்த்தால் கிட்டத்தட்ட சமம் போலத் தெரியும். ஆனால் ரேம் 32 எம்பிதான். அங்கேதான் இடிக்கிறது.

ரேமைச் சமையல் மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிமிடம் கைக்கு எட்ட வேண்டியது எல்லாம் அதன்மேல் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் மேடை நிரம்பினால், இப்போதைக்கு வேண்டாத பாத்திரத்தை ஹார்டு டிஸ்க் என்கிற பரணில் தூக்கி வைத்துவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் தடுமாறும், ஆனால் வேலை நடக்கும். பிளேஸ்டேஷன் 2-ஐ வாங்கும்போது அதில் பரண் கிடையாது. டிவிடி டிஸ்க் இருக்கிறது. அது கடை மாதிரி. வாங்கி வரலாம், திருப்பி வைக்க முடியாது. அந்தக் கடையும் பக்கத்தில் இல்லை. டிவிடியிலிருந்து அதிகபட்சம் நொடிக்கு 5 எம்பி சொச்சம்தான் வரும். 32 எம்பியை முழுதாக நிரப்பக் கணக்குப்படியே 6 நொடி. டிஸ்க்கில் அங்கே இங்கே தேடுகிற நேரம் தனி.

படம் வரைகிற சிப்பின் நிலைமை இன்னும் நெருக்கடி. அதற்கென்று இருக்கும் நினைவகம் 4 எம்பி. 640-க்கு 448 புள்ளி உள்ள ஒரு படத்தை முழு நிறத்தில் வைக்கவே 1 எம்பிக்கு மேல் வேண்டும். திரையில் தெரியும் படம், அடுத்து வரையப்படும் படம், எது முன்னால் எது பின்னால் என்ற ஆழக் கணக்கு என மூன்றுக்கும் ஒதுக்கினால் சுவருக்கும் முகத்துக்கும் ஒட்டுகிற டெக்ஸ்சர் படங்களுக்கு மிஞ்சுவது முக்கால் எம்பி. நிறத்தைக் குறைத்தும் உயரத்தைப் பாதியாக்கியும் டெவலப்பர்கள் இடம் பிடித்தார்கள். மிச்சத்துக்கு, டெக்ஸ்சர்களைத் துண்டு துண்டாக உள்ளே அனுப்பி, வரைந்து, தூக்கிப் போட்டு, அடுத்ததை அனுப்புவார்கள். திரையில் மாறும் ஒவ்வொரு படத்துக்கும், அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும், இதே ஓட்டம்.

நினைவகப் பஞ்சம் கன்சோலுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டர் வெர்ஷனிலேயே ஒரு கதை உண்டு. லிபர்ட்டி தீவிலிருந்து தெரியும் நியூயார்க் வான்கோட்டில் இரட்டைக் கோபுரங்கள் இருக்காது. 2001 செப்டம்பருக்கு முன்பே வந்த கேமில் அவை எப்படிக் காணாமல் போயின என்று இன்றைக்கும் வியப்பவர்கள் உண்டு. விஷயம் சப்பென்று இருக்கும்: டெக்ஸ்சர் நினைவகத்தை மிச்சப்படுத்த வான்கோட்டின் ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு அதையே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒட்டினார்கள், கோபுரங்கள் விடுபட்ட பாதியில் இருந்தன என்று தலைமை வடிவமைப்பாளர் ஹார்வி ஸ்மித் பின்னாளில் சொன்னார். சதிக் கதைகளைப் பற்றிய கேமைச் சுற்றியே ஒரு சதிக் கதை கிளம்பிவிட்டது.

மேடை சிறிதானால் சமையலைப் பகுதி பகுதியாகத்தான் செய்ய வேண்டும். கன்சோல் வெர்ஷனில் பெரிய கட்டங்களைச் சிறு துண்டுகளாக வெட்டி, நடுவில் லோடிங் வைத்தார்கள். 'காத்திருக்க வேண்டும், அவ்வளவுதானே' என்று தோன்றலாம். ஆனால் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போனதும் முந்தைய இடம் மேடையிலிருந்து இறக்கப்பட்டுவிடும். துரத்திக்கொண்டு வந்த காவலாளி கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுவான். நீங்கள் இங்கே வெடித்த குண்டு அங்கே யாருக்கும் கேட்காது. தூரத்துக் கூரையிலிருந்து குறிபார்த்துச் சுடும் வழியை விரும்பியவருக்கு அந்தத் தூரமே இருக்காது. அதாவது வெட்டுப்படுவது வரைபடம் மட்டுமல்ல, வழிகளும்தான். கன்சோல் வெர்ஷனைச் செய்தவர்கள் இதை உணர்ந்தே கட்ட அமைப்புகளை அங்கங்கே திருத்தினார்கள். பெரும்பாலானவை லோடிங் இடங்களைச் செருகுவதற்கு, சில ஆட்டத்தின் சமநிலைக்கு.

சேவ் செய்வதும் இதே கதைதான். கம்ப்யூட்டரில் நினைத்தபோதெல்லாம் சேவ் செய்து, இந்தக் கதவை உடைத்துப் பார்ப்போம், சரிவராவிட்டால் திரும்பி வந்து அந்தக் குழாய்க்குள் தவழ்வோம் என்று ஆடலாம். நிறைய வழிகள் உள்ள கேமுக்கு அதுதான் உயிர். பிளேஸ்டேஷன் 2-ல் சேவ் போய் உட்காரும் மெமரி கார்டின் மொத்தக் கொள்ளளவு 8 எம்பி, அதையும் மற்ற கேம்களோடு பங்கு போட வேண்டும்.

மவுஸ் அளந்து ஊற்றும், ஸ்டிக் குழாயைத் திறக்கும்

கன்ட்ரோலரில், அதாவது கன்சோலோடு வரும் கைப்பிடிக் கருவியில், குறிபார்ப்பது ஏன் கஷ்டம் என்று கேட்டால் 'பழக்கம் இல்லை' என்பார்கள். பழக்கம் பாதிக் காரணம்தான். மீதி, கணக்கு.

மவுஸை மேசையில் 2 அங்குலம் நகர்த்தினால் பார்வை குறிப்பிட்ட கோணம் திரும்பி நிற்கும். கை நின்ற இடத்தில் பார்வையும் நிற்கும். ஸ்டிக், அதாவது கன்ட்ரோலரில் கட்டைவிரலால் சாய்க்கும் சிறு குச்சி, அப்படி அல்ல. அதைச் சாய்த்தால் பார்வை திரும்பத் தொடங்கும், விடும்வரை திரும்பிக்கொண்டே இருக்கும். எவ்வளவு சாய்க்கிறீர்கள் என்பது எவ்வளவு வேகம் என்பதை மட்டும்தான் தீர்மானிக்கும். மவுஸ், செம்பால் அளந்து குடத்தில் ஊற்றுவது போல. ஸ்டிக், குழாயைத் திறந்துவிட்டுக் கோடு வரைக்கும் தண்ணீர் வந்ததும் சட்டென்று மூடுவது போல. கொஞ்சம் அசந்தால் வழிந்துவிடும். எதிரியைத் தாண்டிப் பார்வை ஓடிவிடுகிறது, திரும்ப இழுத்தால் இந்தப் பக்கம் தாண்டுகிறது. புதியவர்கள் எல்லோரும் படுகிற அவஸ்தை இது.

இதற்குக் கேம் செய்பவர்கள் சில கைவைத்தியங்கள் வைத்திருக்கிறார்கள். ஸ்டிக்கை விட்டாலும் அது துல்லியமாக நடுவுக்கு வராது, லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அதனால் நடுவில் ஒரு சிறு வட்டத்துக்குள் என்ன அசைந்தாலும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள். அதற்கு 'டெட் சோன்' என்று பெயர். பிறகு, கொஞ்சம் சாய்த்தால் மிக மெதுவாகவும் முழுக்கச் சாய்த்தால் வேகமாகவும் திரும்பும்படி வேகக் கணக்கை வளைப்பார்கள். மூன்றாவது வைத்தியம் கொஞ்சம் கூச்சமானது. எதிரியின்மேல் குறி வந்ததும் பார்வை தானாக மந்தமாகும், அல்லது கிட்டத்தில் பட்ட குண்டையும் பட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். கன்சோலில் மட்டும் ஆடிப் பழகிய பலருக்குத் தங்கள் குறி இவ்வளவு தூரம் தாங்கிப் பிடிக்கப்படுகிறது என்பதே தெரியாது. சொன்னால் கோபம் வரும்.

சாதாரண ஷூட்டரில் இதெல்லாம் சரி. டேயஸ் எக்ஸில் சிக்கல். இந்தக் கேமில் ஆரம்பத்தில் ஜேசிக்குச் சரியாகச் சுடத் தெரியாது. குறிக்கோடுகள் அகலமாக விரிந்து கிடக்கும், அசையாமல் நின்றால்தான் மெல்லச் சுருங்கும். பிஸ்டல், ரைபிள் என்று ஒவ்வொரு திறமைக்கும் நான்கு நிலைகள், மேலே ஏறப் புள்ளிகள் செலவழிக்க வேண்டும். அந்தப் புள்ளிகளைச் சுடுவதில் போடுவதா, பூட்டு திறப்பதில் போடுவதா, கம்ப்யூட்டருக்குள் நுழைவதில் போடுவதா என்பதுதான் ரோல்-பிளேயிங். கன்ட்ரோலர் கஷ்டமாக இருக்கிறதே என்று கேம் தானாகக் குறியைத் திருத்திக் கொடுத்தால், பிஸ்டலில் புள்ளி போட்டவர் ஏமாளி ஆகிவிடுவார். திருத்தாவிட்டால், ஜேசியின் கை நடுக்கமும் ஆடுபவரின் கை நடுக்கமும் சேர்ந்து முதல் கட்டத்திலேயே பலர் கன்ட்ரோலரை வைத்துவிடுவார்கள். தானியங்கிக் குறியை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் அணைத்துவிடலாம் என்று ஆடுபவரிடமே விட்டுவிட்டது பிளேஸ்டேஷன் 2 வெர்ஷன். நழுவல் பதில் மாதிரி இருந்தாலும், வேறு நல்ல பதில் எனக்கும் தெரியவில்லை.

அடுத்தது பட்டன் எண்ணிக்கை. கம்ப்யூட்டரில் பெல்ட்டில் தொங்கும் பொருள்களுக்கு 10 எண் விசைகள், உடம்புக்குள் இருக்கும் நானோ சக்திகளுக்கு எஃப் வரிசை விசைகள், சுவர் ஓரமாகத் தலையை மட்டும் நீட்டி எட்டிப்பார்க்க இரண்டு விசைகள் என்று கீபோர்டு முழுக்க வேலை இருக்கும். பிளேஸ்டேஷன் 2 கன்ட்ரோலரில் ஸ்டிக்குகளை உள்ளே அழுத்துவதையும் சேர்த்து எண்ணினால் மொத்தம் 16. அதுவும் ஏட்டுக் கணக்குதான். நடக்கும்போது இடது கட்டைவிரல் ஸ்டிக்கில் இருக்கிறது. திசை பட்டனை அழுத்த வேண்டுமென்றால் நடையை நிறுத்த வேண்டும். வலது கட்டைவிரலை எடுத்து முக்கோணத்தையோ வட்டத்தையோ அழுத்தினால் அந்தக் கணம் பார்வையைத் திருப்ப முடியாது. நடந்துகொண்டே, பார்த்துக்கொண்டே அழுத்தக்கூடியவை மேலே இருக்கும் 4 பட்டன்களும் ஸ்டிக் அழுத்தங்கள் 2-ம் மட்டுமே. ஒரு கன்சோல் ஷூட்டர் நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்க்க நான் முதலில் கவனிப்பது, இந்த 6 பட்டன்களில் எதை வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

சில கேம்கள் இந்தச் சண்டைக்கே போகவில்லை. பிளேஸ்டேஷன் 2-ல் யுஎஸ்பி துளைகள் உண்டு. அந்தக் கன்சோலுக்கு வந்த 'அன்ரியல் டோர்னமென்ட்', 'ஹாஃப்-லைஃப்' இரண்டும் கீபோர்டையும் மவுஸையும் செருகி ஆட விட்டன. ஆனால் சோபாவில் உட்கார்ந்து கீபோர்டை மடியில் வைத்து ஆடிப் பாருங்கள், ஏன் அது பரவவில்லை என்று அரை மணி நேரத்தில் முதுகு சொல்லிவிடும்.

சோபா என்றதும் கண் விஷயம். கம்ப்யூட்டர் மானிட்டர் ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துக் குண்டு டிவி அறையின் மறுகோடியில் இருந்தது, எழுத்து மங்கல், விளிம்புகளில் கொஞ்சம் சட்டத்துக்குள் மறைந்துவிடும். டேயஸ் எக்ஸில் படிக்க ஏகப்பட்டது இருக்கிறது: மின்னஞ்சல்கள், செய்தித்தாள்கள், கதவு எண் எழுதிய குறிப்புகள். எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு பக்கம் மூன்று பக்கமாகும். வேறு வழியில்லை.

பைக்குள் எவ்வளவு இடம்?

எனக்குக் கன்சோல் வெர்ஷனில் மனத்தாங்கல் உள்ள இடம் ஒன்றுதான், அதற்கு ரேம் காரணமல்ல.

லிபர்ட்டி தீவில் இறங்கியதும் படகுத்துறையில் ஜேசியின் அண்ணன் பால் நின்றுகொண்டிருப்பார். ராக்கெட் லாஞ்சர், தொலைநோக்கி ரைபிள், சத்தமில்லாத சிறிய வில் என்று மூன்றைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள் என்பார். கம்ப்யூட்டர் வெர்ஷனில் ஜேசியின் பை 30 சதுரக் கட்டங்கள் கொண்ட பலகை. ராக்கெட் லாஞ்சர் 8 கட்டங்களை அடைத்துக்கொள்ளும். ரைபிளுக்கு 4. எடுத்த எடுப்பில் லாஞ்சரைக் கேட்டவர், கால்வாசிப் பைக்கு மேல் அதற்கே கொடுத்துவிட்டு, கேம் முழுக்க எதைத் தூக்கி எறிவது என்று புழுங்குவார். பூட்டு உடைக்கும் கருவியை வைப்பதா, மருந்துப் பெட்டியை வைப்பதா? அந்தப் புழுக்கம் எரிச்சலாக இருக்கும், ஆனால் அதுவும் ஒரு தேர்வு. நீங்கள் எப்படிப்பட்ட ஏஜென்ட் என்பதைப் பைதான் காட்டிக்கொடுக்கும்.

கட்டங்களில் பொருள்களைப் பிடித்து இழுத்து அடுக்குவதற்கு மவுஸ் அம்சமான கருவி, ஸ்டிக் கொடுமையான கருவி. அதனால் கன்சோலில் அந்த அடுக்கல் வேலையை எடுத்துவிட்டுப் பையை எளிமையாக்கினார்கள். கைக்குச் சுகம். ஆனால் லாஞ்சரின் பருமனுக்கு இனி விலை இல்லை. படகுத்துறையில் பால் கேட்கிற கேள்வி அதே கேள்விதான், அதன் கனம் மட்டும் பாதியாகிவிட்டது.

மற்றபடி போர்ட் என்பது எப்போதும் இழப்பு மட்டுமல்ல. மரப்பாச்சி மாதிரி நடந்த கதாபாத்திரங்களுக்கு இதில் உண்மையான மனிதர்களின் அசைவைப் பதிவுசெய்து சேர்த்தார்கள். தொடக்கக் காட்சியையும் முடிவுக் காட்சிகளையும் புதிதாக உருவாக்கினார்கள்.

இரண்டாம் பாகத்தின் கதை வேறு மாதிரி போனது. 2003 டிசம்பரில் 'இன்விசிபிள் வார்' கம்ப்யூட்டருக்கும் எக்ஸ்பாக்ஸ் என்ற இன்னொரு கன்சோலுக்கும் ஒன்றாகவே வெளிவந்தது. இங்கே போர்ட்டே இல்லை. எக்ஸ்பாக்ஸின் 64 எம்பி ரேமை மனத்தில் வைத்தே எல்லாம் வரையப்பட்டது. குட்டிக் குட்டி ஆட்ட இடங்கள், திறமைப் புள்ளிகள் கிடையாது, எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே வகைத் தோட்டா. கம்ப்யூட்டரில் ஆடியவர்கள் பெரிய பெரிய எழுத்துகளைப் பார்த்து, இது எங்களுக்காகச் செய்யப்பட்டதே இல்லை என்று கொதித்தார்கள். என் கணக்கில் முதல் பாகத்தின் பிளேஸ்டேஷன் வெர்ஷனே மேல். அதில் வெட்டியது தெரிகிறது, ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஒரு முழு கேம் இருந்தது. 2011-ல் ஈடோஸ் மான்ட்ரியல் செய்த 'ஹியூமன் ரெவல்யூஷன்' கட்டப் பையைத் திரும்பக் கொண்டுவந்தது, கன்சோலிலும் சேர்த்து. கம்ப்யூட்டர் வெர்ஷனை நிக்ஸஸ் என்ற டச்சு ஸ்டுடியோவிடம் தனியாகக் கொடுத்துச் செய்யவைத்தார்கள். மவுஸ்காரர்களுக்கு மவுஸ்காரர்களுக்கான மெனு கிடைத்தது.

இப்போது ரேம் தாராளமாக இருக்கிறதே, இந்தத் தொல்லை தீர்ந்ததா என்றால், அடைப்பு வேறு இடத்துக்குப் போயிருக்கிறது. 2020 டிசம்பர் 10 அன்று 'சைபர்பங்க் 2077' வந்தபோது பிளேஸ்டேஷன் 4-ல் 8 ஜிபி ரேம் இருந்தது. தடுமாறிய இடங்களில் ஒன்று பரண்: சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். நகரத்தில் காரில் வேகமாகப் போனால் சுவர்களின் டெக்ஸ்சர் பின்னாலேயே ஓடி வந்து ஒட்டும், முகங்கள் மெழுகு பொம்மை போல நின்று பிறகு உருப்பெறும். டிசம்பர் 18 அன்று சோனி தன் டிஜிட்டல் கடையிலிருந்து கேமையே எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப விட்டது. 2023-ல் வந்த கூடுதல் பாகமான 'ஃபேன்டம் லிபர்ட்டி' பழைய கன்சோல்களுக்கு வரவே இல்லை. எல்லாவற்றையும் எல்லாப் பெட்டியிலும் திணிக்க முடியாது என்று ஒப்புக்கொள்வதும் போர்ட் வேலையில் அடக்கம்.

அதே 'சைபர்பங்க் 2077' 2025 ஜூனில் நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு வந்தது. அந்தக் கருவியின் கன்ட்ரோலரைக் கழற்றி, பக்கவாட்டில் நிறுத்தி, மேசைமேல் உருட்டினால் அது மவுஸாக வேலை செய்யும். இந்த கேமிலும் செய்கிறது. மேசை இல்லாதவர்கள் சோபாவில் உட்கார்ந்தபடி தொடைமேல் வைத்தே உருட்டிக் குறிபார்க்கிறார்கள்.